ஊசிகள் காத்த இசை

ஹைடனின் (1732–1809) இசையை ஏட்டில் மட்டும் கற்போர் அரியதொரு சான்றைத் தவறவிடுகின்றனர். துறவியும் எஸ்டர்ஹாசி அரண்மனை நூலகருமான பிரிமிடிவுஸ் நீமெட்ஸ் 1792, 1793ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய குழல் கடிகாரங்களில் அச்சான்று உறைகின்றது. சுழலும் மர உருளையின் ஊசிகள் நெம்புகோல்களை உயர்த்த, குழல்களுள் காற்றுப் புகுந்து இசை பிறக்கிறது. ஏடு சுரத்தைக் கூறும். அதை எவ்வளவு நீட்டுவது, எவ்வாறு அணிசெய்வது என்பதை ஊசியே கூறும்.

எனவே, சீர்செய்வோர் வளைந்த ஊசியை நிமிர்த்தலாம். தம் செவிக்கு இனிமை வேண்டி இடம்மாற்றினாலோ சான்று அழியும். காற்றாடி கட்டுப்படுத்தும் உருளையின் வேகத்தையோ அவரே தீர்மானிக்க வேண்டியுள்ளது. அங்கும் தம் விருப்பத்தை அடக்கிப் பழங்குரலுக்குச் செவிசாய்ப்பவரே அதனை மீட்டவராவார்.