பதினொன்றுக்குக் கை போடுதல்

ஹெவ்லொக் டவுனில் மழை பிடித்த பின்னேரங்களில் நான் போடும் தட்டு ‘லைவ்/டெட்’. சான் பிரான்சிஸ்கோவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1969 தொடக்கத்தில் மேடையில் வாசித்தது. அப்போது புதிதான 16 தட ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து, அவ்வாண்டு நவம்பரில் இரட்டைத் தட்டாக வந்தது. முதற்பக்கம் முழுக்க ‘டார்க் ஸ்டார்’ மட்டும், 23 நிமிடம். ஆலாபனை என்றால் எங்கட ஆட்களுக்குச் சட்டென விளங்கும். ஜெரி கார்சியாவின் கிட்டார் ஒரு சுரத்தைத் தொட்டு, விலகி, ஊர் சுற்றிவிட்டு வரும். ஃபில் லெஷ்ஷின் பேஸ் பின்னால் நிற்காமல் எதிர்க்கதை பேசும். ஹெவ்லொக் வீதி பஸ் ஹோர்ன்கூட அதற்குள் கலந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே தட்டில் வரும் ‘த இலெவன்’. பேரே கணக்கு: 11 அடி, 3+3+3+2. மிஸ்ர ஜாதித் திரிபுடைத் தாளமும் 11தான், ஆனால் 7+2+2. அந்தக் கை போட்டால் இடறும். (போட்டுப் பார்த்துத் தோற்றவன் சொல்கிறேன்.) ட்ரம்ஸ் வாசித்த இருவரில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபேலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர்.

தட்டிலுள்ள ‘ஃபீட்பாக்’ வெறும் இரைச்சல், தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு வரும் அரை நிமிடப் பிரியாவிடைப் பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.