தீயின் படம் புகையை அளக்குமா?

உலையில் எரியும் சுவாலையைக் காமிரா படம் பிடிக்கிறது. அப்படத்தைப் பார்த்தே, புகைபோக்கி வழியே வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று கணிப்பொறி கூறிவிடுகிறது. இப்படிச் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் இப்போது பல வெளிவருகின்றன. யோசனை நல்லதுதான். ஆனால் காமிரா உண்மையில் எதைப் பார்க்கிறது?

சுவாலையின் மஞ்சள் ஒளி, சூடேறிய கரித்துகள்கள் வீசுவது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஃபாரடே மெழுகுவர்த்தியைக் கொண்டு இதை விளக்கியிருக்கிறார். நைட்ரிக் ஆக்சைடோ சாதாரணக் காமிராவின் கண்ணுக்குத் தென்படாத வாயு. ஆகவே கணிப்பொறி வாயுவை அளக்கவில்லை. நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு ஊகிக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் சுமார் 1500 டிகிரி செல்சியசுக்கு மேல் விரைந்து ஆக்சைடாவதால் ஊகம் ஓரளவு பலிக்கவும் செய்கிறது. ஆனால் நிலக்கரிக்குள்ளேயும் நைட்ரஜன் உண்டே! கரி மாறினால் கணக்கும் மாறும்.

என் முக்கிய ஆட்சேபம் சோதனை முறையைப் பற்றியது. ஒரே நாளில் எடுத்த படங்களைச் சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்து, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைத் தேர்வுக்கும் வைத்துக்கொள்கிறார்கள் சிலர். ஒரே நிமிடத்தில் எடுத்த படங்களுக்கெல்லாம் விடை ஏறக்குறைய ஒன்றே. வகுப்பில் போட்ட கணக்கையே பரீட்சையில் கேட்டால் யார்தான் தவறுவார்? வேறு நாளில், வேறு கரியில், வேறு சுமையில் எடுத்த படங்களைக் காட்டியல்லவா சோதிக்க வேண்டும்?

காமிராவின் உண்மையான பயன் வேறு. பல எரிப்பான்கள் உள்ள கொதிகலனில் புகைபோக்கிக் கருவி எல்லாவற்றின் கலவையைத்தான் காட்டும். எந்த எரிப்பானில் காற்று குறைந்தது என்பதைச் சுவாலைதான் காட்டிக்கொடுக்கும்.