தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் காண்ட்ராக்ட் ஆட்கள்: பாகலூரிலிருந்து ஒரு குறிப்பு

ஏ.எஸ்.ஐ. என்றால் நம்ம ஊரில் பாதிப் பேருக்குப் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரும், மீதிப் பேருக்குக் கீழடி. நான் சொல்ல வருவது மூன்றாவது ஏ.எஸ்.ஐ.: மத்திய புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு. 1959இலிருந்து நடக்கிறது. இந்தியாவில் எத்தனை தொழிற்சாலை, எத்தனை தொழிலாளி, எவ்வளவு கூலி என்று யார் பேசினாலும், பேச்சின் அடியில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும். தொழில் உற்பத்திக் குறியீட்டு எண் போடும்போது எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதற்கும் இதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கின் முடிவுகளைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். படிவத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. எனக்கு விமர்சனம் செய்யத் தோன்றுவது படிவத்தைத்தான். ஒரு இரும்புத் துண்டு என்ன வகை என்று ஏழு இலக்கத்தில் கேட்கும் அதே படிவம், காண்ட்ராக்டில் வந்த ஆள் ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்பதில்லை. பாகலூர் மாதிரி ஒரு இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பாகலூர் தெரியாதவர்களுக்கு: ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகா. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். ஒரு பக்கம் ரோஜாவும் காய்கறியும், இன்னொரு பக்கம் ஷெட்டுகள். ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது; லாரி, கைக்கடிகாரம், இருசக்கர வண்டி என்று பெரிய கம்பெனிகள் வந்தன. அவற்றுக்குக் கடைசல், வெல்டிங், கோட்டிங் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் நாலா பக்கமும் பரவின. பாகலூர் சாலையும் அதில் ஒரு பக்கம்.

இந்த ஷெட்டுகளில் எவை கணக்கில் வரும்? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் வரையறையில், மின்சாரம் உண்டென்றால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலையாக இருந்தது. தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்வது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அங்கே இருக்கும் பதிவேடுதான் கணக்கெடுப்புக்கான அடிப்படைப் பட்டியலின் பெரும்பகுதி. பெரிய ஆலைகள் முழுக்கக் கணக்கெடுக்கப்படும். சின்னவற்றிலிருந்து மாதிரிக்குச் சிலவற்றை எடுப்பார்கள். உங்கள் ஷெட் தேர்வானால் நோட்டீஸ் வரும். 2008 புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் பின்னால் இருப்பதால் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கை இணையவழிப் படிவத்தில் போட வேண்டும்.

ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் ஜே வரை பிளாக்குகள். சி பிளாக் நிலையான சொத்து, டி பிளாக் நடைமுறை மூலதனமும் கடனும். இவை இரண்டும் பேலன்ஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். எச் பிளாக்கில் வாங்கிய மூலப்பொருள், ஜே பிளாக்கில் செய்த பொருள். இந்த இரண்டுக்கும்தான் ஏழு இலக்கக் குறியீடு: 2011ஆம் ஆண்டின் தேசிய உற்பத்திப் பொருள் வகைப்பாடு. முதல் ஐந்து இலக்கம் ஐ.நா. வகைப்பாட்டோடு பொருந்தும், கடைசி இரண்டு இந்தியத் தேவைக்கு. கம்பியா தகடா, என்ன வகை எஃகு, எத்தனை டன், டன்னுக்கு என்ன விலை, எல்லாம் கேட்கும். எண் பொருந்தவில்லை என்றால் கேள்வி திரும்பி வரும்.

இந்தக் கறார் தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜாப் வொர்க் செய்யும் ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி வார்ப்பை அனுப்புகிறது, ஷெட் அதைக் கடைந்து துளை போட்டுத் திருப்பி அனுப்புகிறது. வார்ப்பு ஷெட்டின் சரக்கு இல்லை. அதனால் எச் பிளாக்கில் வராது. பாகமும் அதன் உற்பத்தி இல்லை. ஜே பிளாக்கிலும் வராது. கிடைத்த கூலி ஜி பிளாக்கில் சேவை வருமானமாக மட்டும் நிற்கும். வந்த வார்ப்பைக் கடைந்து மட்டும் கொடுத்தால் தொழில் வகை எண் 25920. அதே பாகத்தைச் சொந்தச் சரக்கில் முழுசாகச் செய்து விற்றால் வாகன உதிரிபாகம், 293இல் தொடங்கும் எண். பக்கத்துப் பக்கத்து ஷெட், ஒரே மாதிரி மெஷின், ஒரே வண்டிக்குப் போகும் பாகம், ஆனால் புள்ளிவிவரத்தில் வேறு வேறு தொழில். வேடிக்கையாக இருந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் ஒரே இரும்பை இரண்டு முறை எண்ணிவிடுவோம். இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள்தான் ஈ பிளாக்கையும் எழுதியிருக்கிறார்கள்.

ஈ பிளாக், ஆட்கள். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான் படித்த படிவங்களில் வரிசை இப்படித்தான் போகிறது. நேரடியாக வேலைக்கு வைத்த ஆண்கள், நேரடியாக வைத்த பெண்கள், காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், அப்புறம் மேற்பார்வையாளர், இதர ஊழியர் என்று. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கு ஒரே வரிதான். ஆண் பெண் பிரிவு கிடையாது.

தமிழ்நாட்டைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லும் ஒரு எண் இருக்கிறது: இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில். 2019-20 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. மேடையில், தலையங்கத்தில், முதலீட்டாளர் மாநாட்டு விளம்பரத்தில் எல்லாம் கேட்டிருப்பீர்கள். எண் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது நேரடியாக வேலைக்கு வைக்கப்பட்ட பெண்களை மட்டும் எண்ணிய எண். காண்ட்ராக்ட் வரியில் எத்தனை பெண்கள் என்று படிவம் கேட்கவே இல்லை என்றால், மொத்தத்தில் நம் பங்கு 43ஐவிடக் கூடுதலா குறைவா என்று இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது. அந்த வரி ஒதுக்கிவிடக் கூடிய அளவில் சின்னதும் இல்லை: 2022-23 கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தொழிலாளர்களில் காண்ட்ராக்ட் ஆட்களின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

சரி, அந்த ஒற்றை வரியாவது எப்படி நிரம்புகிறது? பாகலூர் சாலையில் ஒரு யூனிட்டுக்கு, பெயர் வேண்டாம், இந்தப் படிவத்தை நிரப்பும்போது கூட உட்கார்ந்திருக்கிறேன். நேரடி ஆட்களுக்கு மஸ்டர் ரோல் மேஜையிலேயே இருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களின் மஸ்டர் காண்ட்ராக்டரிடம். அவர் ஆபீஸ் வேறு ஊரில். கையில் இருந்தது மாதாமாதம் அவர் அனுப்பிய பில் மட்டும்தான். கணக்காளர் பில் தொகையை நாள் கூலியால் வகுத்து, ஆள் நாள் போட்டுவிடலாம் என்றார். அப்படித்தான் வழக்கமாம்.

அந்த வழக்கம் என்ன செய்யும் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. இல்லாமல் பில் 4,80,000 ரூபாய். அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., சர்வீஸ் சார்ஜ் எல்லாம் 80,000. கூலி 4,00,000. நாளுக்கு 500 என்றால் 800 ஆள் நாள். மாதம் 25 வேலை நாள் என்றால் சராசரி 32 பேர். முழு பில்லையும் 500ஆல் வகுத்தால் 960 ஆள் நாள், 38 பேர். ஆறு பேர் காகிதத்திலேயே பிறந்துவிட்டார்கள். அந்த ஷெட் மாதிரியில் தேர்வாகி, அதற்கு எடை 5 என்றால், மாநிலக் கணக்கில் முப்பது பேர். ஓவர்டைம் வந்தால் இன்னும் மோசம். ஒருவர் 12 மணி நேரம் நின்றாலும் ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆள் நாள்தான் விதி. கூலி மட்டும் ஒன்றரை, இரண்டு நாளுக்கு உண்டானது. வகுத்துப் போட்டால் நீண்ட ஷிப்ட் மறைந்து, அந்த இடத்தில் கூடுதல் ஆள் வந்து நிற்பார். வேலை நேரம் அதிகம் என்ற செய்தி, வேலைவாய்ப்பு அதிகம் என்ற செய்தியாக மாறிவிடுகிறது!

சில இடங்களில் தலைகீழாகவும் நடக்கும். இந்த எண் பி.எஃப். ஆபீசுக்குப் போய்விடும் என்ற பயத்தில் குறைத்துப் போடுவார்கள். 2008 சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது: கொடுத்த தகவலைப் புள்ளிவிவரத்துக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் நோட்டீஸ் வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது அபராதம்தான். எந்த அரசாங்கக் காகிதமும் எப்படியாவது இன்னொரு அரசாங்கக் காகிதத்தைப் பார்த்துவிடும் என்பது ஷெட் முதலாளிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. முழு மூடநம்பிக்கை என்றும் சொல்ல முடியாது.

பணப் பிளாக்குகளுக்குப் பின்னால் ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறது, ஜி.எஸ்.டி. இருக்கிறது. ஒன்று தப்பினால் இன்னொன்று பிடிக்கும். காண்ட்ராக்ட் வரிக்குப் பின்னால் இருக்கும் பதிவேடு வேறொருவர் வீட்டில். சரிபார்க்க வரும் கள அலுவலருக்கும் அதே பில்தான் காட்டப்படும். அவரையோ கணக்காளரையோ குறை சொல்லிப் பயனில்லை. எங்கே பதிவேடு இருக்கிறதோ அங்கே கேள்வி போகவில்லை, அதுதான் கோளாறு.

இத்தனைக்கும் அந்தப் பதிவேடு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. காண்ட்ராக்டர் மாதந்தோறும் பி.எஃப். செலுத்தும்போது ஒவ்வொரு ஆளுக்கும் தனி எண்ணோடு விவரம் ஏற்றுகிறார். பி.எஃப். சேர்க்கை எண்ணிக்கையை 2018 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வெளியிடுவது இதே புள்ளியியல் அமைச்சகம்தான். அதில் ஆண் பெண் பிரிவும் உண்டு. டென்மார்க் 1981லேயே வீடு வீடாகப் போகாமல், பதிவேடுகளை இணைத்தே மக்கள்தொகைக் கணக்கை எடுத்துவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். எல்லாப் பதிவேட்டையும் ஒரே எண்ணில் கட்டுவதில் எனக்கே தயக்கம் உண்டு. ஈ பிளாக்கின் காண்ட்ராக்ட் வரியை இரண்டாகப் பிரித்து, அதை நிரப்பித் தரும் பொறுப்பைக் காண்ட்ராக்டர் மேல் போட்டாலே போதும்.

அடுத்த குறை, ஊர். 2009-10 வரை வெளியான தனித்தொழிற்சாலைக் கோப்புகளில் மாவட்டக் குறி இருந்தது. அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். காரணம் புரிகிறது: பெயரை நீக்கினாலும், ஒரு மாவட்டத்தில் பல ஆயிரம் பேரோடு இருசக்கர வண்டி செய்யும் ஆலை எது என்று கண்டுபிடிக்க யாருக்கும் அஞ்சு நிமிஷம் ஆகாது. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டமே தர்மபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. அப்படியென்றால் ஓசூர் வட்டாரத்தைத் தன் மாவட்டத்தின் பெயரில் பார்க்க நமக்குக் கிடைத்தது ஐந்தாறு ஆண்டுகள்தான். மின்சார ஸ்கூட்டரும் செல்போன் பாகமும் இந்த மாவட்டத்துக்கு வந்தது, வடமாநிலப் பெண்கள் விடுதி விடுதியாக வந்து தங்கியது, எல்லாம் அதற்குப் பிறகு. 2024 ஜூனில் அமைச்சகம் தொடங்கிய இ-சாங்கியிகி தரவுத்தளம் பார்க்க நன்றாகவே இருக்கிறது, இறக்குவதும் சுலபம். அதில் தமிழ்நாடு என்று தேடினால் நிறைய வரும். பாகலூர் ஷெட்டும் அம்பத்தூர் ஷெட்டும் அங்கே ஒன்றுதான். சின்ன ஆலைகளின் மாவட்டத்தை மட்டுமாவது விட்டு, பெரியவற்றை மறைத்திருக்கலாம்.

ஊர்ப் பெயரை வைத்துப் பொருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பெங்களூரு விமான நிலையம் பக்கம் இன்னொரு பாகலூர் இருக்கிறது, எலகங்கா தாண்டி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நிறுவனப் பட்டியல்களில் ஊர்ப் பெயரை மட்டும் நம்பித் தேடுபவர்கள், இந்த எல்லைப் பகுதியில் கொஞ்சம் பார்த்துப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10லிருந்து 20க்கும், மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20லிருந்து 40க்கும் உயர்த்துகிறது. பட்டியல் அந்த வரையறையைத் தொடர்ந்தால் 10 முதல் 19 பேர் இருக்கும் ஷெட்டுகள் வெளியே போகும். கம்பெனியாகப் பதிவாகாதவை, அமைப்புசாரா நிறுவனங்களுக்கான தனிக் கணக்கெடுப்பில் வந்துவிடும். பிரைவேட் லிமிடெட் என்று போர்டு மாட்டிய 15 பேர் ஷெட் அதிலும் வராது, இதிலும் வராது. பாகலூர் சாலையில் அந்த அளவு ஷெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

இந்த ஆண்டு நோட்டீஸ் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பில்லை வகுக்க வேண்டாம். காண்ட்ராக்டரிடம் மாதவாரியாக மஸ்டர் நகல் கேளுங்கள், ஆண் பெண் பிரித்து. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லைதான். உங்கள் கோப்பில் இருக்கட்டும், கள அலுவலர் வரும்போது காட்டுங்கள்.