குழித்தறிக்கு மாடி ஏது

பெருவீதி ஒன்றின் இருமருங்கிலும் உயர்ந்த கட்டடங்களை நெருக்கமாக எழுப்பி, கீழே கடை, நடுவே அலுவலகம், மேலே குடியிருப்பு என்று அடுக்கி, அனைத்தையும் ரயில் நிலையத்துக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ நடந்துபோகும் தூரத்தில் அமைத்துவிட்டால், மோட்டார் வாகனங்களின் உபத்திரவம் தானே தணியும் என்பது இக்கால நகரமைப்பாளர்களின் பிரதான சித்தாந்தம். பிரேசில் நாட்டுக் குரிட்டிபா நகரம் 1974 முதல் தனிப்பாதையில் விரைவு பஸ்களை ஓட்டி, அப்பாதை நெடுகிலும் அடுக்குமாடிகளை அனுமதித்து இதற்கு வழிகாட்டியது. நம் மத்திய அரசும் 2017இல் இதைத் தேசியக் கொள்கையாக வெளியிட்டு, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள வட்டாரத்தில் மனையளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்னும் தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்தலாம் என்றது. ஊர் நாலாபுறமும் ஏரியையும் வயலையும் விழுங்கிப் பரவுவதைவிட இது மேலான மார்க்கம் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் இச்சித்தாந்தத்தைக் காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் அதன் குறை புலப்படும். கலப்புப் பயன்பாடு என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வீடுதான் தொழிற்கூடம். முன்கட்டில் தரையைத் தோண்டிக் குழித்தறி, கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டுமாதலால், கரைநாடாவைத் தள்ளிக் கொடுக்க வீட்டிலேயே ஒரு துணைக்கை, பின்கட்டில் அடுப்பு. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் நெடுக்கிழைகளான பாவைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை விரல்நுனியால் முடிந்தபடி நகரும் நாலைந்து பேருக்காக, சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். அந்த வேளையில் தெருவும் தொழிற்கூடத்தின் ஓர் அறையே.

சட்டப் புத்தகத்தின் கலப்பிலோ கடையும் அலுவலகமும் குடியிருப்பும் சௌகரியமாக இடம்பெறுகின்றன. பண்டம் செய்யும் கைக்கு அங்கே ஸ்தானம் இல்லை. குழித்தறி மண்ணை நம்பியது, மாடி ஏறாது. மரச்சட்டத்தில் நிற்கும் தறியை மேல்தளத்தில் போடலாமே எனலாம்; போடலாம்தான், பாவு நீட்டத் தெருவை எப்படி மேலே கொண்டுபோவது? மாடிகளுக்கு அனுமதி கிடைத்து நிலமதிப்பு உயர்ந்தால் சொந்த மனை உள்ளவருக்கு லாபம். வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவருக்கு அதுவே வெளியேற்றக் கடிதம்.

சென்னையில் இதற்கொரு முன்னனுபவம் உண்டு. பாண்டி பஜாரில் 2013இல் நடைபாதை வியாபாரிகளை மாடிக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு, 2019இல் அதே தியாகராய சாலையின் நடைபாதையை அகலமும் அழகுமாக்கினார்கள். நடப்பவருக்கு அது மெய்யான நன்மை. நானும் அங்கே சுகமாக நடந்திருக்கிறேன். எனினும் போகிறவர் கண்ணில் பட்டால் மட்டுமே விலைபோகும் சீப்பையும் வளையலையும் மாடியேறி யார் வாங்குவார்? காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பெயர் தாங்கிய சென்னைச் சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. அதன் இருபுறத்து வணிக மனைகளுக்கு இந்த அடுக்குமாடி முறை பொருந்தக்கூடும். பட்டுக்கடைகள் நிறைந்த, முகூர்த்த நாட்களில் வேன்கள் அடைத்துக்கொள்ளும் நமது காந்தி ரோட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கிருந்து சென்னைக்கு ரயில் செங்கல்பட்டையோ அரக்கோணத்தையோ சுற்றிப் போவதால் ஜனங்கள் பஸ்ஸையே நம்புகிறார்கள். பஸ்ஸைச் சீர்செய்யாமல் மாடிகளை மட்டும் அனுமதித்தால் அந்த வேன்களோடு இன்னும் பல கார்களும் வந்து சேரும்.

அதற்காகப் பழைய அமைப்பைப் போற்றித் துதிக்கவும் மனம் வரவில்லை. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறித் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். ஈரத்தில் கால் தொங்கவிட்டு ஆயுளைக் கழித்தவர்களின் மூட்டுவலி ரசிக்கத்தக்க பாரம்பரியமல்ல. 1914-15இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்த பாட்ரிக் கெடிஸ் காஞ்சியின் நகரமைப்பை வியந்தவர். இடித்துத் தள்ளாமல் வேண்டிய இடத்தில் மட்டும் கைவைக்கும் சிகிச்சையே அவர் முறை. தெருவின் வடிகாலும், தறிக்குழியின் ஈரம் தடுக்கும் பூச்சும், காந்தி ரோட்டுக்கு அடிக்கடி வரும் சிறு பஸ்ஸும் அம்முறைக்கு ஒத்தவை. அவற்றுக்குப் பிறகு பெருவீதியில் நாலு மாடி எழுந்தால் எழட்டும். அத்தகைய திட்டத்தின் வரைபடம் என் கைக்கு வந்தால், காலை எட்டு மணிவரை எந்தெந்தத் தெரு பாவுக்கு உரியது என்ற குறிப்பு அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.