வரைபடமும் வரலாறும்: மட்டக்களப்பு வாவியை முன்வைத்து ஒரு விமரிசன நோக்கு

வரலாறு கற்போர் வரைபடத்தை ஐயுறுவது அரிது. சாசனம் ஒன்றைக் கண்டால் அதன் காலம் யாது, பொறித்தவர் யார், எந்நோக்குடன் பொறித்தார் என வினவும் மாணவன், நூலின் நடுவே தேசப்படம் வரும்போது அதனை வினாவின்றி ஏற்றுக்கொள்கிறான். எழுத்து ஒருவரது கூற்று என்றும், படம் நிலத்தின் நேரான பிரதிபலிப்பு என்றும் கருதும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையின் நில அளவை வரலாற்றை விரிவாக எழுதியவர் ஆர். எல். புரோகியர். ‘நிலம், வரைபடங்கள், அளவைகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1950, 1951 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது ஆங்கில நூல் இத்துறையில் இன்றும் இன்றியமையாத களஞ்சியம். எனினும் அவர் நில அளவைத் திணைக்களத்திற் பணியாற்றியவர். அந்நூல் அத்திணைக்களத்தின் நூற்றைம்பது ஆண்டுக் கதையையும் கூறுவது. அளவையின் செம்மை எங்ஙனம் வளர்ந்தது என்னும் வினாவுக்கு அங்கு விடை உண்டு. அச்செம்மை யாருக்குப் பயன்பட்டது என்பதை நாமே வினவ வேண்டியுள்ளது. வரைபடத்தின் மௌனங்களும் அதிகாரத்தின் வெளிப்பாடுகளே என ஜே. பி. ஹார்லி 1980களில் வாதிட்டார். அவ்வாதத்தை எமது மண்ணில் உரைத்துப் பார்த்தல் தகும்.

ஐரோப்பியர் முதலிற் கண்டது கடலிலிருந்து நோக்கிய மட்டக்களப்பையே. ஒல்லாந்தராகிய யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 இல் இக்கரையில் வந்திறங்கினார். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச்சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அந்தோனியோ பொக்காரோ 1635 இல் தொகுத்த நூல் போர்த்துக்கேயரின் கீழைத்தேயக் கோட்டைகளின் படங்களைக் கொண்டது. பல்தேயஸ் பாதிரியார் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலிலும் இலங்கையின் கோட்டை நகரங்கள் படங்களாக இடம்பெறுகின்றன. முற்றுகையையும் வாணிகத்தையும் கருதியவர்களுக்கு மதிலும் கொத்தளமும் கப்பல் புகும் வாயிலும் போதுமாயிருந்தன. வாவிக்கப்பாலுள்ள வயலும் குடியும் அவர்தம் தேவைக்கு வெளியே நின்றமையாற் படத்துக்கும் வெளியே நின்றன.

ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதியில் இந்நிலை மாறலாயிற்று. மட்டக்களப்பின் தலைமை அதிகாரியாயிருந்த யாக்கோப் பர்னாண்ட் 1794 இல் தமக்குப் பின் வந்தவருக்கென எழுதிவைத்த அறிக்கையில் இப்பிரதேசத்தின் நெற்செய்கை பெரிதும் கவனிக்கப்படுகின்றது. நிலம் வருவாயாகக் கணிக்கப்படத் தொடங்கியதும் அது அளக்கப்படவேண்டிய பொருளாயிற்று.

அவ்வேலையை முறையாக மேற்கொண்டோர் பிரித்தானியர். 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. ஈராண்டுகளின் பின் சென்னையில் லாம்ரன் தமது முக்கோண அளவையைத் தொடங்கினார் என்பதை இங்கு நினைவுகூரலாம். கடலின் இரு கரையிலும் சங்கிலி கொண்டு நிலத்தை அளக்கும் ஆட்சி ஒரே காலத்தில் உருவாயிற்று. 1833 இல் இலங்கை ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டபோது கிழக்கு மாகாணம் தோன்றியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்றனவும் பயிரிடப்படாதனவுமாகிய நிலங்கள், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன எனக் கொண்டது. 1897 இன் தரிசு நிலச் சட்டம் இப்பிடியை மேலும் இறுக்கிற்று. மலைநாட்டுப் பெருந்தோட்டத்தை மனங்கொண்டு எழுந்த சட்டம் கீழ்க்கரைக் காட்டுக்கும் பொருந்துவதாயிற்று.

இங்குதான் வரைபடத்தின் பங்கு தெளிவாகின்றது. சேனைக்காரன் ஓராண்டு வெட்டிப் பயிரிட்ட காட்டைப் பல்லாண்டு ஆறவிடுவான். மாரியில் வயல் விதைக்கப்பட்டதும் பட்டி மாடுகள் மேட்டு நிலத்துக்குச் செல்லும். அறுவடையின் பின் திரும்பும். வேடர் தேனெடுப்பர். இப்பயன்பாடுகள் யாவும் பருவத்தோடு இயங்குவன. ஒரு நாளில் அளந்து கீறிய கோட்டுக்குள் அடங்காதன. ஆகவே படத்தில் அவ்விடம் வெற்றிடமாயிற்று. படத்தில் வெற்றிடமானது சட்டத்தில் அரச நிலமாயிற்று.

வாவியைப் படம் காட்டும் முறையும் ஆராயத்தக்கது. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு தேசப்படத்தில் இரு நிலங்களைப் பிரிக்கும் நீல நிறமாகத் தோன்றும். ஆனால் மாரி வெள்ளத்தில் அது வயலுக்குள் ஏறும். கோடையில் ஒடுங்கிப் புல்வெளியை விடும். முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைப்பதும் வெள்ளம் மிகும்போது அது வெட்டித் திறக்கப்படுவதும் வழமை. இத்தகைய நீருக்கு ஒரே கரையைக் கீறுவது வசதிக்காகச் செய்யப்பட்ட முடிவேயாகும்.

இந்நாட்டவர் தம் நிலத்தை வேறொரு வகையிற் குறித்தனர். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இப்பெயர்களின் நடுப்புள்ளி வாவி. பெயரிட்டோர் தம்மை அதன் மீதே நிறுத்திக்கொண்டனர். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையோர் பலர். அம்பிளாந்துறை போன்ற ஊர்ப்பெயரும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடைப்பட்ட ஓடப் போக்குவரத்தும், வாவி இணைப்பு வழியாக விளங்கியதற்குச் சான்று. மண்முனைத்துறையிற் பாலம் அமைந்தது 2014 இலேயே. அன்றியும், தாய்வழிக் குடிமுறை இங்கு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது; அடுத்தடுத்த ஊர்களாய் அவர்கள் வாழும் கரையை இரு வண்ணந் தீட்டிக் காட்டும் படம் இப்பொதுமையைக் காட்டவியலாது.

இதனால் உள்ளூர் மரபே முழு உண்மை எனக் கொள்ளுதலும் தவறாகும். எவ். எக்ஸ். சி. நடராசா 1962 இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ நிலத்தைக் கோயிலாலும் குடியாலும் விளக்குவது. அது குடிகளின் உரிமையையும் வரிசையையும் நிலைநாட்டும் நூல். வயலில் உழைத்தவனின் குரலை அங்கும் தேடவே வேண்டும். மறுபுறம், அளவையாளர் தாளில் பதிந்த சிறு குளங்களும் கைவிடப்பட்ட ஊர்களின் பெயர்களும் வேறெங்கும் கிட்டாத சான்றுகளாகலாம். ஒவ்வொரு மூலத்துக்கும் அதற்குரிய வினாவை எழுப்புதலே ஆய்வாளர் கடன்.

இவ்வினாக்கள் ஏட்டோடு முடிவன அல்ல. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பெயரிலே தமிழர் வழங்கிய பட்டிப்பளை ஆறு என்னும் பெயர் மறைந்தது. 1873 இல் தமன்கடுவை கிழக்கு மாகாணத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாயிற்று. ஆட்சியாளர் கீறியும் அழித்தும் வந்த இக்கோடுகளையே தொன்மையான எல்லைகளாகக் கொண்டு வாதிடுவோர் எல்லாத் தரப்பிலும் உளர். 2023 இல் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர் தொடங்கிய போராட்டத்தின் உள்ளே, பயன்பாடு உரிமையாகுமா, படம் உரிமையாகுமா என்னும் 1840 இன் வினாவே ஒலிக்கின்றது.

எனவே வரைபடத்தைச் சாசனம் போல வாசிக்கப் பழகுதல் வேண்டும். வரைந்தவர் யார், செலவிட்டவர் யார், வெறுமையாக விடப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையேனும் எழுப்பிய பின்னரே அதனை மேற்கோளாகக் கொள்ளலாம். மூன்றாவது வினாவுக்கு விடை துறைகளிலும் வட்டைகளிலும் முதியோர் நாவிலும் உண்டு. அவற்றைத் தொகுக்கும் பணி இப்பிரதேசத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த எம்மவரைச் சார்ந்தது.