இருட்பள்ளத்தில் ஒரு குரல்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை (1827–1900) ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றுவது மரபு. அவருடைய இரட்சணிய யாத்திரிகத்தில் கம்பனின் ஓசையைக் கேட்டு மகிழ்வோர் பலர். ஆயினும், துன்பக் காலத்தில் அந்நூல் நமக்குத் துணையாவது காப்பிய அழகினால் மட்டும் அன்று. அதனுள் ஒளிரும் தியான ஜெபத்தினாலேயே என்பது என் கருத்து.

நெல்லைச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்த கவிஞர் 1858-இல் கிறித்தவரானார். ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 1894-இல் இக்காப்பியத்தை நூலாக்கினார். கதையை மேனாட்டிலிருந்து கொண்டவர், வேண்டுதலின் வடிவத்தைத் தமிழ் மரபிலிருந்தே கொண்டார். கதையினிடையே அவர் அமைத்த தேவாரங்களே அதற்குச் சான்று. அங்கே கதை சொல்லும் புலவர் விலகி நிற்கிறார். இறைவனை நேர்நின்று ‘நீ’ என விளிக்கும் அடியவர் பேசுகிறார். வடசொல் மிகுந்த நடை இன்றைய வாசகரைச் சற்றே தடுக்கும். அந்த விளியின் நெருக்கமோ தடையைக் கடந்து நெஞ்சைத் தொடும். அத்தேவாரங்களுட் சில இன்றும் ஆலயங்களிற் பாடப்படுவதன் காரணம் இதுவே.

ஜெபம் துன்பத்தை மறக்கச் செய்யும் மயக்கம் என்பாரும் உளர். பனியனின் மூலக்கதையே அதற்கு விடை தருகிறது. மரண நிழலின் பள்ளத்தாக்கில் வழி மிகக் குறுகியது. ஒருபுறம் படுகுழி, மறுபுறம் சேறு. கைவாள் அங்கே பயன்படவில்லை. யாத்திரிகன் வாளை உறையிலிட்டு, ஜெபத்தைப் படைக்கலமாகக் கொள்கிறான். இருள் உடனே அகலவில்லை. அவன் நடந்தே தீரவேண்டும். அவ்வேளையில், முன்னே செல்லும் ஒருவன் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஓதும் குரல் கேட்கிறது. ‘இவ்விருளில் நான் தனியன் அல்லேன், அவனோடிருக்கும் இறைவன் என்னோடும் இருப்பான்’ என்று தேறுகிறான். பின்னரே பொழுது புலர்கிறது. ஆகவே, ஜெபம் இருளை மறுப்பதன்று. இருளில் அடியெடுத்து வைக்கும் வலிமையைத் தருவது.

பொம்மசந்திராவின் தொழிற்கூடங்களை நம்பி ஊரையும் உறவையும் விட்டு வந்த நம்மவர்க்கு இக்காட்சி அயலானதன்று. இரவு வேலைக்குச் சென்றவரை எண்ணி, விளக்கணைத்த அறையில் விழித்திருக்கும் தாயொருத்தி முணுமுணுக்கும் வேண்டுதல், அடுத்த வீட்டில் உறக்கமின்றிக் கிடப்பவர்க்கும் கேட்கக்கூடும். அவர் எச்சமயத்தவராயினும், முன்னே ஒருவர் நடக்கிறார் என்ற ஆறுதல் அவருக்கும் உரியதே. நூறாண்டுக்கு மேற்பட்ட இக்காப்பியத்தை நம் இல்லங்களில் மீண்டும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது இது பற்றியே.