எழுத்தில் அடங்காத இசை

ராக் அண்ட் ரோல் வருவதற்கு முன்பு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் சரக்கை மூன்று பட்டியல்களாகப் பிரித்து விற்றன. நகரத்து மேடைகளிலும் சினிமாவிலும் பாடப்பட்டவை ‘பாப்புலர்’. கறுப்பின மக்கள் வாங்குவதற்காகக் கறுப்பினக் கலைஞர்கள் பாடியவை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. தெற்கத்தி வெள்ளைக்காரக் குடியானவர்களின் பாட்டுகள் ‘ஹில்பில்லி’. கடைக்காரருக்கு வசதியான இந்தப் பிரிவினை காதுக்கு ஒத்துவராது. மூன்று பட்டியல்களிலும் ஒரே இழுபறிதான் கேட்கிறது. ஒரு பக்கம் தாளில் அச்சடித்து விற்கக்கூடிய மெட்டு; மறுபக்கம் எந்தக் குறிப்பிலும் எழுத வராத குழைவும், தாளத்தை முந்தியும் பிந்தியும் எடுக்கிற லயமும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் இந்த இரண்டாவது பக்கம் ஓரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கால இசையைக் கேட்பதன் பெரிய சுகம் இந்த நகர்வைக் காதால் தொடர்வதில் இருக்கிறது.

பாட்டு முதலில் விற்றது தாளில்தான். பிட்ஸ்பர்க் அருகே 1826-ல் பிறந்த ஸ்டீபன் ஃபாஸ்டரின் ‘ஓ! சூசன்னா’ 1848-ல் அச்சாகி நாடெங்கும் பரவியது. பாட்டு பரவிய அளவுக்குப் பணம் வரவில்லை. 1864-ல் நியூயார்க்கில் அவர் இறந்தபோது கையிருப்பு 38 சென்ட். அவர் பாட்டுகளைப் பரப்பியது மின்ஸ்ட்ரெல் மேடை. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின அடிமைகளைக் கேலி செய்து ஆடிய கூத்து அது. அமெரிக்க வெகுஜன இசையின் முதல் பெரிய வியாபாரமே இப்படி இன்னொருவர் குரலை எடுத்து அவரையே இழிவு செய்ததில் தொடங்கியது என்பதை மறந்துவிட்டுப் பின்னால் வந்ததை ரசிக்க முடியாது.

1890களில் இசைத்தாள் பதிப்பகங்கள் மன்ஹாட்டனின் மேற்கு 28-ஆம் தெருவில் குவிந்தன. ‘டின் பான் ஆலி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. சார்லஸ் கே. ஹாரிஸ் 1892-ல் வெளியிட்ட ‘ஆஃப்டர் த பால்’ லட்சக்கணக்கில் விற்று, பாட்டும் ஒரு தொழில்தான் என்று காட்டியது. வீட்டுக்கு வீடு பியானோ இருந்த காலம். ஓரளவு வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி மாலையில் உட்கார்ந்து வாசிக்கும்படி மெட்டு எளிதாக இருக்க வேண்டும். அந்த எளிமை பல பாட்டுகளைத் தட்டையாக்கியது என்பதும் உண்மை.

தாளுக்குள்ளேயே கலகம் செய்தது ராக்டைம். மிசௌரி மாநிலத்து செடாலியா ஊரில் இருந்த கறுப்பினக் கலைஞர் ஸ்காட் ஜாப்ளின் 1899-ல் ‘மேப்பிள் லீஃப் ராக்’ என்ற பியானோப் படைப்பை வெளியிட்டார். பதிப்பாளர் ஜான் ஸ்டார்க் பிரதிக்கு ஒரு சென்ட் தருவதாக ஒப்பந்தம் போட்டார். அக்காலத்தில் பாட்டைச் சொற்பத் தொகைக்கு மொத்தமாக வாங்கிவிடுவதே வழக்கமாக இருந்ததால் இது நல்ல ஏற்பாடு. இந்தப் படைப்பில் இடக்கை இம்மி பிசகாமல் நடை போடுகிறது: கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு கூட்டொலி, மறுபடி கீழே. வலக்கை அந்த நடையோடு சேர்ந்து விழுவதில்லை. அரை இடம் தள்ளி எடுக்கிறது, அடுத்த தட்டைத் தாண்டி நீள்கிறது, திடீரென்று வந்து சேர்ந்துகொள்கிறது. நான்கு பகுதிகள், மூன்றாவதில் ஆதார சுருதியே இடம் மாறி வெளிச்சம் கூடியதுபோல் ஆகிவிடுகிறது. ராக்டைமை வேகமாக வாசிக்கக் கூடாது என்று ஜாப்ளின் தம் இசைத்தாள்களிலேயே அச்சிட்டு எச்சரித்தார். அவர் சொன்னது சரி. நிதானமாக வாசித்தால்தான் இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள பிணக்கு தெளிவாகக் கேட்கும். விரைந்து வாசித்தால் அது வெறும் துள்ளலாகப் போய்விடும். ‘ட்ரீமோனிஷா’ என்ற ஓபராவை மேடையேற்றும் முயற்சியில் பணமும் உடல்நலமும் இழந்து 1917-ல் அவர் இறந்தார். 1973-ல் ‘த ஸ்டிங்’ படத்தில் அவருடைய ‘த என்டர்டெய்னர்’ ஒலித்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

ராக்டைமில் பிந்துதலும் முந்துதலும் எழுத்துக்குள் வந்துவிட்டன. ப்ளூஸில் எழுத்தே தோற்றுப்போகிறது. அதன் சட்டகம் மிக எளிது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் அளவு ஒரு ‘பார்’. அப்படிப் பன்னிரண்டு பார். முதல் நான்கில் ஒரு வரி. அடுத்த நான்கில் அதே வரி, ஆனால் அடியில் ஒலிக்கும் கூட்டொலி மாறிவிடுவதால் அதே சொற்கள் கனத்துக் கேட்கும். கடைசி நான்கில் பதிலாக ஒரு வரி. ஒவ்வொரு வரியும் பாதி இடத்திலேயே முடிந்துவிடும்; மிச்ச இடம் வாத்தியத்துக்கு. இந்தக் காலி இடம்தான் ப்ளூஸின் உயிர்நிலை. பாடுகிறவர் சொன்னதற்கு அங்கே கிடாரோ கார்னெட்டோ பதில் சொல்கிறது.

ஸ்வரத்திலும் அப்படித்தான். பியானோவில் சாதாரண காந்தாரத்துக்கு ஒரு கட்டை, அந்தர காந்தாரத்துக்கு ஒரு கட்டை. ப்ளூஸ் பாடகர் இரண்டுக்கும் இடையில் நிற்பார், அல்லது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவார். நிஷாதத்திலும் இதே சங்கதி. கமகத்தில் ஊறிய காதுக்கு இது உடனே பிடிபடும். பியானோக்காரர்கள் வேறு வழியில்லாமல் இரண்டு கட்டைகளையும் ஒருசேர அழுத்தி அந்த இடைநிலையைத் தொட முயன்றார்கள்.

டபிள்யூ. சி. ஹேண்டி 1912-ல் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’, 1914-ல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ என்று இந்த இசையைத் தாளில் பிடித்துக் காட்டினார். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் பதிவு செய்த ‘கிரேஸி ப்ளூஸ்’ எதிர்பாராத அளவு விற்றபோதுதான், கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. ‘ரேஸ்’ பட்டியல் பிறந்தது அதன் பிறகு. ஆனால் கேட்கவேண்டிய பதிவு பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. மின் ஒலிவாங்கி இன்னும் வரவில்லை. பெரிய கூம்புக்குள் பாடித்தான் பதிய வேண்டும். பக்கத்தில் ஃப்ரெட் லாங்ஷா ஆர்மோனியம் போன்ற சிறு ஆர்கனை ஊதி இழைக்கிறார். லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசிக்கிறார். வேறு யாரும் இல்லை. பெஸ்ஸி ஒரு சொல்லை எடுத்து, கீழிருந்து தள்ளி, உச்சியில் நிறுத்தாமல் சரியவிடுகிறார். அவர் மூச்சு முடியும் இடத்தில் கார்னெட் அதே சரிவைத் திருப்பிச் சொல்கிறது, ஆனால் அப்படியே அல்ல. கொஞ்சம் ஆறுதலாக, கொஞ்சம் எதிர்வாதமாக. மூன்று நிமிடத் தட்டில் இரண்டு பேர் இவ்வளவு பேசிக்கொண்ட பதிவுகள் வெகு சில.

நியூ ஆர்லியன்ஸில் ராக்டைம், ப்ளூஸ், தெருவில் போகும் பித்தளை வாத்திய அணி மூன்றும் கலந்து ஜாஸ் ஆயின. ஜாஸ் என்ற பெயரில் முதல் தட்டை 1917-ல் பதிந்தது ஒரு வெள்ளைக்காரக் குழு. அதன் வேடிக்கைச் சத்தங்களுக்கு வரலாற்று மதிப்பு உண்டு, அவ்வளவுதான். உண்மையான வலிமை ஆம்ஸ்ட்ராங் தம் பெயரில் குழு அமைத்து 1925 முதல் 1928 வரை சிகாகோவில் பதிந்த தட்டுகளில் தெரிகிறது. அவற்றின் சிகரம் 1928 ஜூன் 28-ல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’.

பக்க வாத்தியமே இல்லாமல் டிரம்பெட் தனியாகத் தொடங்குகிறது. நான்கு ஸ்வரங்கள் படியிறங்குவதுபோல் திடமாக விழுகின்றன; உடனே ஒரு தாவலில் உச்சத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றிச் சுழன்று இறங்குகிறது. பதினைந்து வினாடிகூட இல்லை. அதற்குள் தாளம் இல்லாமலே தாளத்தை உணர்த்திவிடுகிறார். பிறகு பன்னிரண்டு பார் சட்டகம் திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லே இல்லாத வெறும் அசைகளால் கிளாரினெட்டோடு உரையாடுகிறார். ஏர்ல் ஹைன்ஸின் பியானோ தனியாவர்த்தனம் வந்து போகிறது. கடைசிச் சுற்றில் ஒரே உச்ச ஸ்வரத்தை ஏறத்தாழ நான்கு பார் அசையாமல் பிடித்து நிற்கிறார். ப்ளூஸ் வடிவத்தில் பாதி அளவுக்குப் பேசாமல் விடும் இடங்கள் இருக்குமென்றால், இங்கே அந்த இடங்களை ஒரே ஸ்வரம் நிரப்புகிறது. கூட்டாக வாசித்த ஜாஸ், தனிக்கலைஞரின் கலையாக மாறியதற்கு இந்தத் தட்டைவிட நல்ல சாட்சி இல்லை.

1925-ல் மின் ஒலிப்பதிவு வந்ததும் இரண்டு பெரிய மாறுதல்கள் நேர்ந்தன. ஒன்று மலைப்பகுதிகளில். விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் 1927 ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் டென்னஸி–வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரில் பதிவுக் கருவிகளோடு தங்கினார். வர்ஜீனியாவின் சிற்றூரிலிருந்து வந்த கார்ட்டர் குடும்பமும், மிசிசிப்பிக்காரரான முன்னாள் ரயில்வே ஊழியர் ஜிம்மி ராட்ஜர்ஸும் அந்த ஒரே வாரத்தில் முதன்முறை பதிவானார்கள். மேபெல் கார்ட்டருக்கு அப்போது 18 வயது, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. கட்டைவிரலால் கிடாரின் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடி லயம் காட்டினார். ஒரே கிடார் மெட்டுக்கும் தாளத்துக்கும் போதுமானதாயிற்று. அதன்பின் வந்த கிராமியக் கிடார்க் கலைஞர்களில் இந்த வாசிப்பைப் படிக்காதவர் அரிது.

ஹில்பில்லி என்று பெயரிட்ட இந்தப் பெட்டிக்குள்ளும் வேலி இல்லை. கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார்க் கலைஞர் உடன் போவார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார்; ரிடில் மெட்டை நினைவில் ஏற்றிக்கொண்டு வருவார். ராட்ஜர்ஸ் பாடிய ‘ப்ளூ யோடல்’ வரிசை முழுவதும் அதே பன்னிரண்டு பார் ப்ளூஸ். வரி முடிந்த இடத்தில் மட்டும் மலைவாசிகளின் யோடல் குரலுடைப்பு. 1930-ல் அதன் ஒன்பதாம் பாட்டுக்கு ஆம்ஸ்ட்ராங்கும், பியானோவில் லில் ஹார்டினும் வாசித்தார்கள். தட்டின் லேபிளில் அவர்கள் பெயர் இல்லை. காசநோயோடு பாடிய ராட்ஜர்ஸ் 1933-ல், கடைசிப் பதிவு முடிந்த இரண்டாம் நாள் இறந்தார்.

இரண்டாவது மாறுதல் நகரத்துப் பாட்டில். ஒலிவாங்கி வந்தபின் பாடகர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்த வேண்டியதில்லை. பிங் கிராஸ்பி பேசுவதுபோல் பாடினார். கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன், கோல் போர்ட்டர், ஹரோல்ட் ஆர்லன் போன்றோரின் பாட்டுகள் பெரும்பாலும் முப்பத்திரண்டு பார் கொண்டவை: ஒரு பகுதி, அதே பகுதி மறுபடி, மாறுபட்ட நடுப்பகுதி, பிறகு முதல் பகுதி. ஆர்லன் 1939-ல் ‘ஓவர் த ரெயின்போ’வின் முதல் சொல்லிலேயே கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாவ வைத்தார், நடுப்பகுதியில் மெட்டை இரண்டே ஸ்வரங்களுக்கிடையில் குழந்தைபோல் ஊசலாட விட்டார். இந்தப் பாட்டை அது இடம்பெற்ற திரைப்படத்திலிருந்து வெட்டிவிடத் தயாரிப்பு நிறுவனத்தார் நினைத்தார்கள் என்பது இப்போது நம்ப முடியாத செய்தி.

தாளில் கச்சிதமாக எழுதப்பட்ட இத்தகைய பாட்டுகளை பில்லி ஹாலிடே 1935 முதல் டெடி வில்சன் குழுவோடு பாடியதைக் கேட்டால், எழுதியதற்கும் எழுதாததற்கும் உள்ள உறவு முழுதாக விளங்கும். மெட்டு ஏறி இறங்கும் இடங்களை அவர் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குச் சுருக்கிவிடுவார். குழு தாளத்தில் நடந்துகொண்டிருக்கும். அவர் சற்றுப் பின்தங்கி, விழுந்துவிடுவாரோ என்று தோன்றும் நேரத்தில் வந்து சேர்வார். சாதாரணப் பாட்டுக்கும் அதனால் ஒரு மனக்கனம் வந்துவிடும்.

ஸ்விங் காலம் இந்த லயத்தைப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கக் கற்றது. ஃப்ளெச்சர் ஹெண்டர்சன் பித்தளை வாத்தியங்களை ஒரு கட்சியாகவும் சாக்ஸஃபோன்களை எதிர்க்கட்சியாகவும் நிறுத்தி, ப்ளூஸின் கேள்வி பதிலை வாத்தியக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவர் எழுதிக்கொடுத்தவற்றை வாசித்துத்தான் 1935 ஆகஸ்ட் 21-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பாலோமர் நடனக்கூடத்தில் பென்னி குட்மன் நாடறிந்த நட்சத்திரமானார். கவுன்ட் பேஸி குழுவோ தாளில் குறைவாகவும் நினைவில் அதிகமாகவும் வைத்து வாசித்தது. ஃப்ரெடி கிரீனின் கிடார் தனியாகக் கேட்காது, ஆனால் அதை எடுத்துவிட்டால் கட்டடம் ஆடும். ட்யூக் எலிங்டன் இன்னும் ஒருபடி மேலே போய், வாத்தியத்துக்கு எழுதாமல் வாசிக்கும் ஆளுக்கென்றே எழுதினார். ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’ என்று 1940-ல் ஒரு படைப்புக்கு வாசிப்பவர் பெயரையே வைத்தார். அவர் பெயர் பெற்ற ஹார்லெம் காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். இருக்கைகளில் வெள்ளைக்காரர்கள் மட்டும்.

தேவாலயத்திலும் ப்ளூஸ் நுழைந்தது. ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் சிற்றின்ப ப்ளூஸ் பாடியிருந்த தாமஸ் ஏ. டார்சி, 1932-ல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துக்கத்தில் ‘பிரெஷஸ் லார்ட்’ எழுதி காஸ்பெல் இசைக்கு முகம் தந்தார். சிஸ்டர் ரொஸெட்டா தார்ப் மின்கிடாரை முழங்கவிட்டு அதே பக்திப் பாட்டுகளை இரவு விடுதிகளிலும் பாடினார்.

1942 ஆகஸ்டில் வாத்தியக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. போரும் செலவும் சேர, பெரிய குழுக்கள் தளர்ந்தன. ஃபிராங்க் சினாட்ரா போன்ற பாடகர்கள் முன்னுக்கு வந்தார்கள். மறுபுறம் லூயி ஜோர்டன் ஸ்விங் குழுவைச் சிறிதாக்கி, பூகி-வூகி பியானோவின் உருளும் இடக்கையை முழுக் குழுவுக்கும் அடித்தளமாக்கினார். 1946-ல் வந்த ‘சூ சூ ச்பூகி’ இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அவரைப் பதிந்த டெக்கா தயாரிப்பாளர் மில்ட் கேப்ளர்தான் 1954 ஏப்ரலில் பில் ஹேலியின் ‘ராக் அரௌண்ட் த கிளாக்’கையும் பதிந்தார். பில்போர்டு இதழ் 1949-ல் ‘ரேஸ்’ என்ற பெயரைக் கைவிட்டு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றிக்கொண்டது.

1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரின் சன் நிறுவனம் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டை வெளியிட்டது. அதில் டிரம்ஸ் இல்லை. இரண்டு கிடாரும் ஒரு பாஸும் மட்டும். ஒரு பக்கம் கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரடப் 1946-ல் பதிந்த ப்ளூஸ். மறுபக்கம் வெள்ளைக்காரரான பில் மன்ரோ அதே ஆண்டு மூன்று எண்ணிக்கை நடையில் பதிந்த ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’. எல்விஸ் அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றித் துள்ள வைத்திருந்தார். சில வாரங்களில் மன்ரோ அந்தப் பாட்டை மறுபடி பதிந்தார். தம் பழைய மூன்று எண்ணிக்கையில் தொடங்கி, பாதி வழியில் எல்விஸின் நான்குக்கு மாறினார்.